நாலு பால், ஒரு பாக்கெட்

தண்ணியாகத்தான் இருந்தது. கோமளவல்லி கரண்டியைத் தூக்கிப் பிடித்து மறுபடியும் பார்த்தாள். கரண்டியின் முதுகில் ஒட்டிக்கொண்டு, மனசில்லாமல் இறங்க வேண்டிய பாயசம் சளசளவென்று பாத்திரத்துக்குள் திரும்பிப் போனது. சேமியா அடியில் கிடந்தது, பால் மேலே தனியாக நின்றது, ரெண்டுக்கும் பேச்சுவார்த்தை இல்லை. இன்னும் கொஞ்சம் கொதிக்கட்டும் என்று அடுப்பைக் குறைத்து வைத்தாள். கொதித்தால் சேரும், சேராமல் எங்கே போகும், முப்பது வருஷமாகச் சேர்ந்துகொண்டிருந்ததற்கு இன்றைக்கு மட்டும் என்ன கேடு. நாலு பாக்கெட் பால், ஒரு பாக்கெட் சேமியா, ரெண்டு டம்ளர் சர்க்கரை. இதற்கு அளவுக் கரண்டியா வேண்டும், தராசா வேண்டும், பால் பாக்கெட்டில் நாலு வெட்டு, சேமியா பாக்கெட்டில் ஒரு வெட்டு, தீர்ந்தது கதை. கண்ணைக் கட்டிவிட்டால்கூடச் செய்வேன் என்று சொல்லிச் சொல்லியே பேர் வாங்கியவள். நாலரைக்கு சிவக்கொழுந்தும் மரகதமும் வந்துவிடுவார்கள், பையன் கல்யாணத்துக்குப் பத்திரிகை வைக்க. சிவக்கொழுந்து அவள் வீட்டுக்காரருக்குச் சித்தப்பா மகன், உறையூரில் அடுத்தடுத்த தெருவில் இருந்தவர்கள். "உங்க கை சேமியா பாயசம் சாப்பிட்டு எத்தனை நாளாச்சுக்கா, அதைக் குடிச்சுட்டுத்தான் பத்திரிகையையே எடுப்பேன்" என்று மரகதம் போனில் சொல்லியிருந்தாள். குடிப்பாள், ரெண்டு டம்ளர் குடிப்பாள், குடித்து முடித்து முந்தானையால் வாயை ஒற்றிக்கொண்டு கேட்பாள், "வினோதினி பேசறாளாக்கா?" அந்தக் கேள்விக்குத்தான் கோமளவல்லி காலையிலிருந்து செத்துச் செத்துப் பிழைத்துக்கொண்டிருந்தாள். பேசவில்லை. பெற்ற மகள், ஒரே மகள், ஓசூரில் குத்துக்கல்லாக இருக்கிறாள், கையில் போன் இருக்கிறது, ஒன்றரை வருஷமாகப் பேசவில்லை. எதனால் பேசவில்லை என்று வெளியே சொன்னால் சிரிப்பார்கள். இதே பாயசத்தால்தான்.

"வாசம் இங்க வரைக்கும் வருது கோமளா" என்றார் கூடத்திலிருந்து தணிகாசலம். மின்வாரியத்தில் இருந்து ஓய்வு பெற்றதிலிருந்து அவருக்கு வீட்டில் நடப்பதையெல்லாம் வாசத்தை வைத்துக் கண்டுபிடிக்கும் வேலை. நாற்காலிகளைத் துடைத்துக்கொண்டிருந்தார், துடைத்த நாற்காலியையே மறுபடி துடைத்துக்கொண்டிருந்தார், அவருக்கும் உள்ளுக்குள் அந்தக் கேள்வி ஓடிக்கொண்டிருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். வாசம் வருகிறதாம், வாசத்துக்கு என்ன குறைச்சல், நெய்யில் முந்திரி வறுத்தால் வெறும் தண்ணீரில் போட்டாலும் வாசம் வரும். காலையில் அவர்தான் சேமியா வாங்கி வந்தார். பச்சை பாக்கெட், பொம்பளைப் படம் போட்டது, கையில் கிண்ணத்தை வைத்துக்கொண்டு சிரிக்கிறாளே அவள்தான், அந்த சேமியாவைத் தவிர வேறெதையும் கோமளவல்லி தொடமாட்டாள். மேஜைமேல் வைத்துவிட்டு, தானே கம்பெனி நடத்துகிற மாதிரி ஒரு பெருமையோடு, "பாத்தியா, எல்லாத்துக்கும் வெலய ஏத்தறான், இவன் ஒருத்தன் மட்டும் ஏத்தவே இல்ல. வினோ இருக்கறப்ப வாங்கின அதே வெல. இந்தக் காலத்துல இப்பிடி ஒரு நேர்மை யாருக்கு வரும்" என்றார். வினோ இருக்கறப்ப. சொன்ன பிறகுதான் அவருக்கே காதில் விழுந்தது. இந்த வீட்டில் அவ பேர எடுக்கக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தியவர் அவர்தான், சேமியா விலையைச் சொல்லப்போய் எடுத்துவிட்டார். இருமுகிற மாதிரி இருமினார், கடைப் பையை நாலாக மடித்தார், எட்டாக மடித்தார், எழுந்து போய்விட்டார். அவள் ஒன்றும் கேட்காத மாதிரி பாக்கெட்டை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். அந்தப் பேர் அரை நாள் முழுக்கச் சமையல்கட்டில் அவள் கூடவே நின்றது.

கை போய்விட்டதோ. அதுதான் பயம், பால் இல்லை, சர்க்கரை இல்லை, கை. கிளறிக்கொண்டே கையைப் பார்த்தாள், நரம்பு புடைத்து, மோதிர விரல் கொஞ்சம் கோணி, யாருடைய கையோ மாதிரி இருந்தது. இந்த வீட்டில் பாயசம் வைத்து மூன்று வருஷம் இருக்கும். வினோதினி போன பிறகு யாருக்கு வைப்பது. இவருக்குச் சர்க்கரை வியாதி, தனக்கென்று ஒருத்தி இனிப்பு செய்து உட்கார்ந்து சாப்பிடுவாளா. தீபாவளிக்குக்கூட வெளியில் வாங்கிய கால் கிலோவோடு முடித்துக்கொண்டாள், சேமியா என்கிற சாமானே வீட்டுக்குள் வரவில்லை. செய்யாமல் விட்டால் கை மறந்துவிடும் என்பார்களே, அது உண்மைதானோ. போன வாரம் கேஸை அணைக்காமல் மாடிக்குத் துணி எடுக்கப் போய்விட்டாள். டாக்டர் பேரை மறந்துபோய் ரிசப்ஷனில் நின்றுகொண்டு, அந்த மீசை வெச்சவர், அந்த மீசை வெச்சவர் என்று சொல்லிக்கொண்டிருந்தாள். ஒருவேளை இப்போது பால் நாலு ஊற்றுவதற்குப் பதில் அஞ்சு ஊற்றிவிட்டாளோ. குப்பைக்கூடையைக் காலால் இழுத்துக் குனிந்து பார்த்தாள், நாலு உறைதான் இருந்தது, நாலும் சப்பையாக, நியாயமாக. அப்படியானால் சேமியாவைப் பாதி கீழே கொட்டிவிட்டோமா. தரையைப் பார்த்தாள். ஒன்றுமில்லை. நெய்யில் வறுக்கும்போதே வாணலியில் கொஞ்சமாகத் தெரிந்தது இப்போது நினைவுக்கு வந்தது, வாணலி பெரிதாகிவிட்டதா என்றுகூட ஒரு கணம் நினைத்தாள், நினைத்துவிட்டுத் தன்னையே திட்டிக்கொண்டாள். வயசாகிறதடி, எல்லாம் பெரிசாகத்தான் தெரியும், வீடு பெரிசு, கட்டில் பெரிசு, ஞாயிற்றுக்கிழமை பெரிசு.

வினோவுக்குப் பாயசம் சூடாகப் பிடிக்காது. எல்லோரும் ஊதி ஊதிக் குடிப்பார்கள், அவள் ஒரு வாய் வைத்துவிட்டு, எனக்கு நாளைக்கு என்பாள். ராத்திரி முழுக்க ஃப்ரிட்ஜில் இருந்து, மறுநாள் காலை பாயசம் பாயசமாக இருக்காது, அல்வாவுக்குத் தம்பி மாதிரி ஒரு கட்டியாக ஆகியிருக்கும். யூனிஃபார்மும் ஒற்றைச் சடையுமாக ஃப்ரிட்ஜ் கதவைத் திறந்து வைத்துக்கொண்டு, அந்தக் குளிரில் நின்றுகொண்டே, ஸ்பூனை நட்டு வைப்பாள். நிக்குதும்மா, என்பாள். ஸ்பூன் சாயாமல் நிற்க வேண்டும், நின்றால்தான் அன்றைக்கு அவளுக்குப் பொழுது விடிந்த மாதிரி. கதவ மூடுடி கரன்ட்டு போவுது என்று இவள் கத்துவாள், அவள் மூடமாட்டாள், நின்று நின்று ஓரமாக வெட்டி வெட்டித் தின்பாள், பஸ் போய்விடும், அப்பா ஸ்கூட்டரில் கொண்டுபோய் விடுவார். காலேஜ் போகிற வயசிலும் இதே கூத்துதான். வேலைக்குப் போகிற வயசிலும் இதே கூத்துதான். ஸ்பூன் நின்ற அந்தக் குழி இப்போதும் கோமளவல்லிக்குக் கண்ணுக்கு முன்னால் தெரிந்தது, வெள்ளையும் பழுப்புமாக, ஒரு முந்திரி துருத்திக்கொண்டு. அதை ஒரு தரம் பார்க்க வேண்டும் போல் இருந்தது. மகளைக்கூட அப்புறம் பார்த்துக்கொள்ளலாம், அவள் தின்றுவிட்டு மிச்சம் வைத்த கிண்ணம், அதற்குள் நிற்கிற ஸ்பூன், அதை மட்டும் யாராவது காட்டினால் போதும். அடுப்பில் பாயசம் ஒரு குமிழ் விட்டது. ஒரு ஸ்பூனை எடுத்து உள்ளே நட்டுப் பார்த்தாள். சாய்ந்து விளிம்பில் இடித்துக்கொண்டு படுத்தது. சூட்டில் எந்த ஸ்பூன் நிற்கும், பைத்தியமா உனக்கு.

அமல்ராஜ் என்று ஒருவனைச் சொன்னாள். கூட வேலை பார்க்கிறவன், வேற மதம், நல்லவன்மா என்றாள். நல்லவனாக இருந்தால் நமக்கென்ன என்று இவர் குதித்தார், கோமளவல்லியும் கூடச் சேர்ந்து நாலு வார்த்தை விட்டாள், பின்னே, தெருவில் தலைகாட்ட வேண்டாமா. ரிஜிஸ்டர் ஆபீசில் கல்யாணம் நடந்தது, இவர்கள் போகவில்லை. ஆனால் வயிறு கேட்கவில்லை. மூன்று மாசம் கழித்து ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது, இவர் தெருக்கோடிக்குப் பேப்பர் வாங்கப் போயிருந்த நேரம், எடுத்துவிட்டாள். சாப்பிட்டியா என்றாள். சாப்பிட்டேன்மா. அதற்கப்புறம் ஞாயிற்றுக்கிழமை தவறாமல் வந்தது, பத்து மணிக்கு, பேப்பர் நேரத்துக்கு. முதலில் எல்லாம் ஓயாத பேச்சு, குழாயில் தண்ணி வராதது, மாமியார் மீனைக் கழுவுகிற தினுசு, அமல் இருமிக்கொண்டே இருப்பது. பின்னால் அவன் இருமுவதுகூடக் கேட்கும், அந்த இருமல்தான் கோமளவல்லிக்கு மருமகனாக அறிமுகம். பிறகு பேச்சு கொஞ்சம் கொஞ்சமாகக் குறைந்தது. அதே பத்து மணி, அதே சாப்பிட்டியா, அதே நல்லாருக்கேன்மா, வெளியில் பார்த்தால் ஒன்றும் மாறவில்லை, உள்ளே மட்டும் ஏதோ கம்மியாகிக்கொண்டே வந்தது. நீங்க ஒரு தடவை வாங்களேன் என்று ஆரம்பத்தில் ஒவ்வொரு வாரமும் கேட்டவள் ஒரு கட்டத்தில் கேட்பதை விட்டுவிட்டாள். இவளும் அப்பாட்ட சொல்றேன் என்று ஒவ்வொரு வாரமும் சொல்லி, ஒரு வாரமும் சொல்லவில்லை.

அந்த டிசம்பரில்தான் கேட்டாள், குரலில் பழைய வினோ எட்டிப் பார்த்தாள், "அம்மா, கிறிஸ்மஸ் அன்னிக்கு இவங்க வீட்ல எல்லாரும் வர்றாங்க, நம்ம வீட்டு சேமியா பாயசம் வைக்கப்போறேன், அளவு சொல்லேன்." நம்ம வீட்டு. சொன்னாள் கோமளவல்லி, வாயெல்லாம் பல்லாகச் சொன்னாள், நாலு பால், ஒரு பாக்கெட், பச்சை பாக்கெட்தான்டி, வேற வாங்கிடாதே, ரெண்டு டம்ளர் சர்க்கரை. அவ்வளவுதானாம்மா? அவ்வளவுதான்டி, இதுல என்ன மந்திரமா இருக்கு. அடுத்த ஞாயிற்றுக்கிழமை போன் வந்தபோது மறுமுனையில் இருந்தது வேறு யாரோ. "நீ சொன்ன மாதிரியே செஞ்சேன்மா. தண்ணியாப் போச்சு. அவர் அக்கா ரெண்டு பேரும் டம்ளரை ஆட்டி ஆட்டிப் பாத்துட்டு, உங்க ஊர்ல இதுக்குப் பேரு பாயசமா, பாலான்னு கேட்டுச் சிரிச்சாங்க. நீ எதையோ விட்டுட்டுச் சொல்லிட்டே." நான் எதுக்குடி விடணும். "தெரியல. கோவத்துல விட்டிருப்ப. உன் கைப்பக்குவம் அந்த வீட்டுக்குப் போக வேணாம்னு நெனச்சிருப்ப." அதைக் கேட்டதும் கோமளவல்லிக்கு எங்கிருந்துதான் வந்ததோ அவ்வளவு ரோஷம். முப்பது வருஷத்து அளவு, ஊரே மெச்சின அளவு, அதையா குற்றம் சொல்கிறாள். "என் அளவு தப்பாது. மனசு சுத்தமா இருந்து செஞ்சா பாயசம் சரியா வரும்டி. பெத்தவங்க வயித்தெரிச்சலக் கொட்டிக்கிட்டுப் போனவ வெச்சா தண்ணியாத்தான் போகும்." சொல்லிவிட்டாள். நாக்கு சொல்லிவிட்டது. வினோ போனை வைத்துவிட்டாள். அடுத்த ஞாயிறு பத்து மணிக்கு இவர் பேப்பர் வாங்கப் போனார், போன் அடிக்கவில்லை. அதற்கடுத்த ஞாயிறும் போனார். இப்போதெல்லாம் காலையிலேயே பேப்பர் வீட்டுக்கு வருகிறது, இருந்தாலும் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு அவர் சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போய்விடுகிறார், அரை மணி நேரம் எங்கேயோ நின்றுவிட்டு வருகிறார். அவருக்கு எல்லாம் தெரியும் போல. வந்ததும் அவள் முகத்தைப் பார்ப்பார், அவள் தலையை மட்டும் ஆட்டுவாள்.

இப்போது அடுப்பில் அதே தண்ணி. மனசு சுத்தமாக இருந்தால் சரியாக வரும் என்று சொன்ன வாய் இது. என் மனசுக்கு என்ன வந்தது இப்போது, நான் யார் வயிற்றெரிச்சலைக் கொட்டிக்கொண்டேன். மகளுடையதா. அவள் கையால் வைத்தும் தண்ணி, என் கையால் வைத்தும் தண்ணி, இந்த வீட்டு அடுப்பே ஏதோ சொல்கிறது. முன்பெல்லாம் இப்படியா, இப்போது எதைத் தொட்டாலும் குறைகிறது. பிஸ்கட் பாக்கெட் முன்பு சாயங்காலக் காபிக்கு ரெண்டு பேருக்கும் ரெண்டு நாள் வரும், இப்போது ரெண்டாம் நாள் திறந்தால் வெறும் உறை. இவர்தான் சர்க்கரை வியாதியோடு திருட்டுத்தனமாகத் தின்கிறார் என்று டப்பாவைத் தலைமாட்டில் வைத்துக்கொள்ளாத குறையாகக் காவல் காத்தாள். "நான் எடுக்கலடி, சத்தியமா எடுக்கல" என்று அந்த மனுஷர் பாவம் தலையில் கை வைத்துச் சொன்னார், நம்பினாளா. சோப்பு நடுவில் வளைத்துக் கொடுக்கிறார்கள், கைக்கு அடக்கமாக இருக்குமாம், பத்து நாளில் விள்ளலாகிவிடுகிறது, இவர் தண்ணீரிலேயே போட்டு ஊற வைக்கிறார் என்று அதற்கொரு சண்டை. டீத்தூள் மாசக் கடைசி வரைக்கும் எட்டமாட்டேன் என்கிறது, நமக்குத்தான் கை நீளமாகிவிட்டது, அள்ளி அள்ளிப் போடுகிறோம் என்று ஒரு ஸ்பூனைக் குறைத்து, கழுநீர் மாதிரி டீ குடித்துக்கொண்டிருக்கிறார்கள் ரெண்டு பேரும். சிப்ஸ் பாக்கெட்டைக் கேட்கவே வேண்டாம், காற்றை விற்கிறான். வீட்டில் பெண் இல்லாமல் போனால் லட்சுமி போய்விடும், எதுவும் நிலைக்காது என்று ஒருநாள் அவளுக்கே தோன்றி, அதை வெளியில் சொல்லாமல் உள்ளேயே வைத்துக்கொண்டிருந்தாள். ஒன்றரை வருஷமாக ஒவ்வொரு டப்பாவைத் திறக்கும்போதும் அது தோன்றிக்கொண்டிருந்தது.

"கோமளா, மணி நாலே கால்" என்றார் இவர். தெரியும், தெரியும். இன்னும் கொஞ்சம் சேமியா இருந்தால் வறுத்துப் போட்டுக் காப்பாற்றிவிடலாம். கடைக்கு அனுப்பினால் அவர் நாலு பேரிடம் நின்று பேசிவிட்டு வருவார், அதற்குள் மரகதம் வந்து டம்ளரை ஆட்டிப் பார்ப்பாள். பழைய மிச்சம் மீதி ஏதாவது கிடக்காதா. ஏலக்காய் டப்பாவுக்குப் பின்னால் கை விட்டாள், அங்கே பச்சையாக ஒன்று தட்டுப்பட்டது, எடுக்கும்போதே தெரிந்துவிட்டது. சேமியா பாக்கெட்தான், பொம்பளைப் படம் போட்டது, ஆனால் வாயை மடித்து அதில் ஒரு தலைக் கிளிப் மாட்டியிருந்தது. வினோவின் கிளிப். நீல நிறம், பல் ஒன்று போனது. திறந்த பாக்கெட்டுக்கெல்லாம் தலையிலிருந்து கிளிப்பை உருவி மாட்டிவிட்டு, முடி அவிழ்ந்து பேய் மாதிரி வீடெல்லாம் திரிவாள், ரப்பர் பேண்ட் எதுக்குடி இருக்கு என்று இவள் கேட்டுக்கேட்டு வாய் வலித்ததுதான் மிச்சம். உள்ளே சேமியா இல்லை. பிரிஞ்சி இலையும் பட்டையும் இருந்தது, பிரியாணி செய்கிறேன் பேர்வழி என்று அவள் வாங்கி, கடைசித் தீபாவளிப் பாயசத்துக்கு வெட்டின பாக்கெட்டில் போட்டு வைத்தது. மசாலா சாமானை இந்த வீட்டில் இனி யார் தொடப்போகிறார்கள். மூன்று வருஷமாக அந்தக் கிளிப்பை எடுக்க மனசு வராமல், தூசு தட்டும்போதும் அதைச் சுற்றியே தட்டிவிட்டு வந்திருக்கிறாள். சேமியா கிடைக்காத ஏமாற்றத்தைவிட அந்தக் கிளிப் விரலில் கடித்தது பெரிதாக இருந்தது. மேடைமேல் வைத்தாள். பக்கத்தில் இன்றைக்கு வெட்டின புதுப் பாக்கெட், வெறும் உறையாக, கிடந்தது.

ரெண்டு பொம்பளைகளும் ஒரே மாதிரி சிரித்தார்கள். ஒரே பச்சை, ஒரே கிண்ணம், அதே உயரம், அதே அகலம், உறையை உறைமேல் வைத்துப் பார்த்தால் ஒட்டிப் பிறந்த மாதிரி. அப்புறம் ஏன் பார்த்துக்கொண்டிருந்தாள் என்று கேட்டால் அவளுக்கே தெரியாது, கிளிப் இருந்த பாக்கெட்டை விட்டுக் கண்ணை எடுக்க முடியவில்லை, அவ்வளவுதான். கீழே, தையல் ஓடுகிற இடத்தில், எறும்பு வரிசை மாதிரி சின்ன எழுத்துகள். இடுப்பில் சொருகியிருந்த கண்ணாடியை எடுத்து மாட்டிக்கொண்டாள், பழைய பாக்கெட்டை ஜன்னல் பக்கம் திருப்பினாள். நிகர எடை இருநூறு கிராம். சரி. புதுசை எடுத்துத் திருப்பினாள். நூற்றைம்பது. மறுபடி பழசை எடுத்தாள். இருநூறு. ஜன்னலில் ஆனிக் காற்று அடித்து ஒரு கதவு டப்பென்று சாத்திக்கொண்டது, திறந்துவிட்டு வந்து மூன்றாம் தரமும் பார்த்தாள். நூற்றைம்பதுதான். விலை அதே விலை, இவர் கொண்டாடினாரே, அந்த நேர்மையான விலை. கால் பங்கைக் குறைத்துவிட்டு, படத்தில் கிண்ணத்தை மட்டும் அன்றைக்கு மாதிரியே நிரம்பி வழிய விட்டிருக்கிறான். நாலு பால் நாலு பாலாகவே இருந்தது, பாலையும் கூடக் குறைத்திருந்தால் யாருக்கும் ஒன்றும் தெரிந்திருக்காது, சின்னப் பாயசமாக இருந்தாலும் பாயசமாக வந்திருக்கும், யார் வாயிலிருந்தும் ஒரு வார்த்தை வந்திருக்காது. கோமளவல்லி அடுப்பை அணைத்தாள். பிஸ்கட்டை இவர் எடுக்கவில்லை. டீத்தூளில் தன் கை நீளவில்லை. எடுத்தவன் எங்கேயோ இருக்க, வீட்டுக்குள்ளேயே திருடனைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள் இத்தனை நாளும். நான் எதையும் ஒளிக்கலடி, என்றாள் கிளிப்பைப் பார்த்து, சத்தமாகவே சொல்லிவிட்டாள். ஒளிக்கவில்லைதான். ஆனால் குழந்தை சொன்னதும் பொய் இல்லை. சொன்னபடியே செய்திருக்கிறாள், பச்சை பாக்கெட்டையே தேடி வாங்கியிருக்கிறாள், ஒரு பாக்கெட்டைக் கொட்டியிருக்கிறாள், நாலு பாலை ஊற்றியிருக்கிறாள், அத்தனை பேருக்கு முன்னால் தண்ணியாகப் போயிருக்கிறது, அம்மாவிடம் கேட்டால் உன் மனசு சரியில்லை என்று பதில். அப்போதுதான் நினைவுக்கு வந்தது, இத்தனை நாள் எங்கே போயிருந்ததோ, அந்த போனில் வினோ சொன்ன இன்னொன்று. கோபமாகப் பேசுவதற்கு முன்னால், முதலில், மெதுவாகச் சொன்னாள். "ராத்திரி ஃப்ரிட்ஜ்ல வெச்சுப் பாத்தேன்மா. காலைல ஸ்பூன் நிக்கல." அதை இவள் காதில் வாங்கவே இல்லை. முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டு, அடுப்பு மேடையைப் பிடித்துக்கொண்டு, சத்தம் கூடத்துக்குப் போகாமல் அழுதாள்.

போனை எடுத்தபோது விரல் ஈரமாக இருந்ததால் ரெண்டு தரம் தவறிப் போனது. இத்தனை நாளில் இவளாகப் போட்டதே இல்லை, அவள் போடட்டும், சின்னவள்தானே, அவள் போடட்டும் என்று வீம்பு. போய்க்கொண்டிருந்தது மணி. எடுக்கமாட்டாள். என் பேரைப் பார்த்ததும் குப்புறக் கவிழ்த்து வைப்பாள். எடுக்கவில்லை என்றால் அப்புறம் எப்படிச் சொல்வது, இதை யாரிடம் சொல்லி அனுப்புவது, ஓசூர் வரைக்கும் இந்த ரெண்டு உறையையும் தூக்கிக்கொண்டு போய் நிற்க வேண்டியதுதான், போகிறேன், இவர் வந்தால் வரட்டும், வராவிட்டால் போகட்டும். மணி நின்றது. ஒரு இருமல் கேட்டது. "ஹலோ" என்றது ஆண் குரல், கொஞ்சம் பயந்த மாதிரி. "அத்தையா? நான் அமல் பேசறேன் அத்தை. என்ன ஆச்சு, மாமாவுக்கு ஒண்ணுமில்லையே?" அத்தை. ஒரு நாள் பேசியதில்லை, ஒரு வாய்த் தண்ணி கொடுத்ததில்லை, அத்தை என்று சொல்ல அவனுக்கு நாக்கு கொஞ்சமும் தடுமாறவில்லை. இவளுக்குத்தான் தடுமாறியது. தம்பி என்பதா, என்ன என்று கூப்பிடுவது இந்தப் பிள்ளையை. "எல்லாரும் நல்லாருக்கோம் மாப்பிள்ளை" என்றாள். சொன்னதும் அது சரியாகத்தான் இருந்தது. கூடத்தில் நாற்காலி துடைக்கும் சத்தம் நின்றுபோனது. "வினோகிட்ட ஒண்ணு சொல்லணும். அந்த சேமியா பாக்கெட்டுல குறைச்சுட்டான் மாப்பிள்ளை. நான் சொன்ன அளவு பழைய பாக்கெட்டுக்கு. எனக்கே இன்னிக்குத்தான் தெரியுது, இங்கயும் தண்ணியாத்தான் நிக்குது. அவ கைல தப்பில்ல. மனசுல தப்பில்ல. நான் அப்பிடிச் சொன்னது பெரிய பாவம். இத மட்டும் சொல்லிடுங்க, எங்கூடப் பேசாட்டியும் பரவால்ல." வாசலில் அழைப்பு மணி அடித்தது. மரகதத்தின் பேச்சு வெளியில் கேட்டது. இவர் போய்க் கதவைத் திறக்கவில்லை, சமையல்கட்டு வாசலில் துணியும் கையுமாக வந்து நின்றுகொண்டிருந்தார், கோமளவல்லியின் முகத்தையே பார்த்துக்கொண்டு. அப்புறம் போனில், ரொம்பக் கிட்டத்தில், மூக்கடைத்த குரல் ஒன்று கேட்டது.

"எவ்வளவும்மா குறைச்சிருக்கான்?"

இருநூறு, நூற்றைம்பது, ரெண்டு எண்ணும் கோமளவல்லியின் நாக்கு நுனியில் இருந்தன. கண்ணாடியும் மூக்கின் மேல்தான் இருந்தது.

"இருடி, கண்ணாடியத் தேடி எடுத்துப் போட்டுப் படிச்சுச் சொல்றேன்" என்றாள். "வெச்சுடாத."